மாப்பிள்ளைக்கு ஒரு வீடு

அப்பா வளர்த்தது நாயோ கிளியோ இல்லை. பூரான். நீளமாகப் படுத்தால் அவர் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை வரும். செம்பழுப்பு முதுகு, மஞ்சள் கால்கள். பழைய மீன் தொட்டியில் மண் நிரப்பி, மேலே ஒட்டுப்பலகையை மூடி, மூடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருந்தார். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். டேப் ஒட்டி அடக்க முடியாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. உடைந்த மூக்குக்கண்ணாடி, ஒழுகும் குழாய், மகளின் பள்ளிக்கூடப் பை என்று வீட்டில் எதைத் தொட்டாலும் அந்த வெளிர்மஞ்சள் பட்டை கையில் படும்.

அப்பா போன பிறகு டேப்பை மாற்ற ஆளில்லை. மண்ணின் ஈரம் ஏறி ஒரு மூலையில் அது வாய் பிளந்திருந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற காலையில்தான் தம்பி போன் செய்தான்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை வந்துடறோம். மூணு பேரும். இனிமே அம்மாகூடதான்.”

“வா.”

“அது இன்னும் இருக்கா?”

“எது?”

“தெரியாத மாதிரி கேக்காத. பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டா. தரையில எது கிடந்தாலும் நேரா வாய்க்குத்தான். நான் அந்த வீட்டுக்கு வரணும்னா அது இருக்கக் கூடாது.”

“அப்பாவோடதுடா.”

“அப்பா இருக்கும்போதே தப்பிச்சு வந்திருக்கு. அம்மாவோட செருப்புக்குள்ள இருந்துச்சே, மறந்துட்டியா? பேசாம எங்கயாவது விட்டுடு. உனக்கு மனசு வரலைன்னா சொல்லு, நான் விட்டுடறேன்.”

தம்பி விடுவது என்றால் அது செருப்படிதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவளால் கூடவே கொண்டுபோகவும் முடியாது. அவள் தங்கியிருப்பது கம்பெனி கொடுத்த அறை, கூட மூன்று பெண்கள்.

“வெளியவே வர முடியாத மாதிரி ஒரு பெட்டி செய்யறேன். நீயே வந்து சோதிச்சுப் பாரு. திருப்தி இல்லைன்னா உன் இஷ்டம்.”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பி உடனே “சரி” என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்கும் சரி சொன்னதில்லை.

போனை வைத்தவள் உட்காரவில்லை. அந்த வீட்டில் அவளால் உட்கார முடிவதே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அதை வாடகைக்குக் கொடுத்தவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். மாதக்கணக்கில் இடைவிடாமல் உறுமிக்கொண்டிருந்த வீடு இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து பால்கனிக்கும் நடந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், எதற்கென்று தெரியாமல் மூடினாள்.

“ஒரு இடத்துல உக்காரேன்டி,” என்றாள் அம்மா. “பாக்கற எனக்குத் தலை சுத்துது.”

“உக்காந்தா வேலை எப்படி நடக்கும்?”

“என்ன வேலை?”

“மாப்பிள்ளைக்கு வீடு கட்டணும்.”

மாப்பிள்ளை என்பது அப்பா வைத்த பெயர். “நம்ம இன்ஜினியரம்மா கல்யாணம்னாலே காதைப் பொத்திக்கறா. எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளை இவன்தான். கூப்பிட்டா வர மாட்டான், கேட்டா பேச மாட்டான், சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்துடணும்,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகும். இருமல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடருவார்.

அவளுடைய தொழில் காற்று. தரைக்கு அடியில் கார் நிறுத்தும் கூடங்கள், ஆஸ்பத்திரிச் சமையலறைகள் என்று எங்கே காற்று தேங்கி மக்கிப்போகிறதோ அங்கே குழாய் போட்டு, விசிறி வைத்து, கெட்டதை வெளியே தள்ளி நல்லதை உள்ளே கொண்டுவருவது. ஆகவே பெட்டியையும் அந்த ஒழுங்கிலேயே யோசித்தாள். முதலில் பழைய தொட்டியின் குறைகள். கண்ணாடி வழுக்கும், பூரானால் ஏற முடியாது. ஆனால் மூலைகளில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் பசை மேடுமேடாக இருந்தது. அதுதான் அதற்கு ஏணி. அதில் ஏறினால் மேலே ஒட்டுப்பலகை. டேப் கொஞ்சம் விட்டாலும் போதும். தலை நுழைந்த இடத்தில் உடம்பு தானாக நுழைந்துவிடும். தட்டையாகிக்கொள்ளும் பிராணி அது.

விளம்பரப் பலகை செய்கிற கடைக்குப் போனாள். அக்ரிலிக் தகடு வெட்டித் தருவார்கள். கடைக்காரர் அவள் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்ளோ பூட்டு, இவ்ளோ ஓட்டை. உள்ள என்னம்மா வைக்கப் போறீங்க, நகையா?”

“பூரான்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“பூட்டு எதுக்கு? அது ஓடாம இருக்கவா, இல்ல யாராச்சும் தூக்கிட்டுப் போயிடாம இருக்கவா?”

“ரெண்டுக்கும்தான்.”

“அதையும் திருட ஆள் இருக்கா! நாடு முன்னேறிடுச்சு,” என்று சொல்லிக்கொண்டே தகட்டை இழைத்துத் தந்தார்.

பால்கனியில் வேலை தொடங்கியது. தகடுகளைச் சேர்க்கும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கை நின்றது. தின்னர் வாசனைக்கு உடன்பிறந்த வாசனை. அப்பா வேலை முடிந்து வரும்போது இந்த வாசனைதான் முதலில் வீட்டுக்குள் வரும், அவர் பின்னால் வருவார். கட்டிப்பிடித்தால் அன்று முழுக்க அவள் சட்டையிலும் இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசிக்குழலால் விளிம்பெல்லாம் திரவத்தை ஓடவிட்டாள். மூலைகளில் பசை மேடு இல்லாமல், கண்ணாடி மாதிரி சேர்ந்துகொண்டது.

அவள் துளை போட்டுக்கொண்டிருந்தபோது டிங்கர்காரர் வந்தார். வண்டியின் நசுங்கிய தகட்டை அடித்து நிமிர்த்துகிறவர். அவர் நிமிர்த்தித் தந்ததில்தான் அப்பா பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பார். ஒரே பட்டறையில் இரண்டு பேரும் கிழவர்களானார்கள். பட்டறையில் கிடந்த அப்பாவின் சாமான்களை ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்: இரண்டு ஸ்பிரே கன், தகட்டைத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் கொஞ்சம், பாதி தீர்ந்த டேப் சுருள்.

“இதை நான்தான் முதல்ல பாத்தேன் பாப்பா,” என்றார், தொட்டிப் பக்கம் கையைக் காட்டி. “ஒரு பழைய கார் வந்துச்சு. கதவுப் பலகையைக் கழட்டறேன், உள்ள இருந்து இது எட்டிப் பாக்குது. நான் போட்ட சத்தத்துல தெருவே வந்துடுச்சு. சுத்தியலை ஓங்கிட்டேன். உங்க அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘டேய், முதுகைப் பாருடா. இந்த மெருகை என்னைக்காவது நான் கொண்டுவந்திருக்கேனா?’ன்னாரு. பெயிண்ட் கலக்கற டப்பாவுல பிடிச்சுப் போட்டு, ஒரு வாரம் அந்த நிறத்தைக் கலக்கிப் பாத்தாரு தெரியுமா? வரலை.”

“அண்ணே, காப்பி,” என்று அம்மா நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு கதவோரமாகவே நின்று குடித்தார். தொட்டி இருந்த பக்கம் கடைசிவரை போகவில்லை.

அவர் போன பிறகு அவள் துளைகளை அரத்தால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோபம் வந்தது. அப்பாவிடம் வெகுநாளாக இருந்த கோபம். அவர் இருமிக்கொண்டிருந்தபோது காட்ட முடியாத கோபம். பெயிண்ட் அடிக்கும்போது பட்டறைக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிடுவார். ஈரப் பெயிண்டில் ஒரு தூசி விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவள் சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலில் செய்த காரியம், பட்டறைச் சுவரை உடைத்து ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்ததுதான். அடுத்த தடவை போனபோது ஃபேன் இருந்தது. அதன்மேல் செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் டேப். ஒரு சுருக்கம் இல்லாமல், அவருடைய வேலை என்று பார்த்ததுமே தெரிகிற மாதிரி.

“அது தூசியை இழுக்குது இன்ஜினியரம்மா,” என்றார்.

“இழுக்கலை, வெளியே தள்ளுது.”

“இங்க இருந்து தள்ளினா அங்க இருந்து வருதே!”

கணக்கில் அது சரிதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. வடிகட்டி வைக்கிறேன் என்றாள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பிறகு அவர் நெஞ்சுக்குள் எந்த ஃபேனும் எட்டாத இடத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

பெட்டி தயாரானது. முன்பக்கம் கீழே ஒரு வரிசைத் துளை, பின்பக்கம் மேலே ஒரு வரிசை. அப்போதுதான் காற்று ஒரு பக்கம் நுழைந்து குறுக்கே நடந்து மறுபக்கம் போகும். துளைகள் அதன் தலையைவிடச் சின்னவை. அதற்கும் உள்ளே துருப்பிடிக்காத எஃகு வலை. பிளாஸ்டிக் வலையென்றால் கடித்துவிடும். மேல்மூடி சட்டத்துக்குள் படியும், இரண்டு பக்கமும் கொக்கி, முன்னால் சின்னப் பூட்டு. ஒரு பஞ்சுத் திரியைக் கொளுத்தி ஊதி அணைத்து, வெறும் பெட்டிக்கு முன்னால் பிடித்தாள். புகை உள்ளே போனது, ஆனால் சோம்பேறித்தனமாகத் தேங்கி நின்றது. அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன விசிறி ஒன்றைக் கழற்றி, மேல் வரிசைத் துளைகளுக்கு வெளியே பொருத்தினாள். இப்போது புகை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

“அந்தச் சத்தம் இருந்தே ஆகணுமா?” என்றாள் அம்மா.

“காத்து வேணும்மா அதுக்கு.”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பசையின் நெடி போகும்வரை பெட்டியை வெயிலில் திறந்துபோட்டுவிட்டு, புது மண் நிரப்பி, ஒரு மரப்பட்டையும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தாள். இடம் மாற்றும் நாளில் அம்மா நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டாள். ஆனால் அப்பாவின் நீளமான இடுக்கி அவள் கையில்தான் இருந்தது. அப்பா படுத்த பிறகு கரப்பான்பூச்சி பிடித்துப் போட்டதெல்லாம் அவள்தான் என்பது மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பயம் இல்லையாம்மா?”

“பயம்தான். இந்த மனுஷன் படுக்கையில இருந்துக்கிட்டு ‘சாப்பிட்டானா, சாப்பிட்டானா’ன்னு கேட்டா என்ன பண்றது?” இடுக்கியால் மண்ணை மெல்லத் தட்டினாள். “போங்க மாப்பிள்ளை. வெக்கப்படாம போங்க. புது வீடு.”

வாயகன்ற டப்பாவை மகள் அதன் முன்னால் சாய்த்துப் பிடித்தாள். அது ஒரு நொடி தயங்கியது. அடுத்த நொடி கால்களெல்லாம் ஒரே அலையாக எழ, டப்பாவுக்குள் ஓடியது. டப்பாவின் வாயில் அட்டையைச் செருகி, பெட்டிக்குள் விட்டு, மூடி, கொக்கி, பூட்டு. அம்மா நாற்காலியிலிருந்து இறங்கவில்லை, சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அப்பா போன பிறகு முதல் சிரிப்பு.

அது நிலைக்கவில்லை. பழைய தொட்டியில் பகலெல்லாம் மண்ணுக்கடியில் கிடந்த பூரான் புது வீட்டில் ஒரு கணம் படுக்கவில்லை. சுவரோரமாகச் சுற்றியது. சுற்றிச் சுற்றி வந்து கீழ்வரிசைத் துளைகளில் முகம் வைத்து வலையைச் சுரண்டியது. பட்டைக்கடியில் போனது, உடனே வந்தது. மண்ணைக் கிளறியது, விட்டுவிட்டது. புது இடம், பழகட்டும் என்று மகள் தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு அவளும் கூடத்தில் நடந்தாள். உள்ளே அது ஒரு சுற்று, வெளியே இவள் ஒரு சுற்று. விசிறி மட்டும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

சனிக்கிழமையே தம்பி வந்துவிட்டான், சாமான்களோடு. மனைவியும் குழந்தையும் மறுநாள். பையை இறக்கிவைத்த கையோடு பெட்டிக்கு முன்னால் குந்தினான்.

“என்னக்கா இது, பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடுது?”

“புது இடம்.”

“வெளிய வரத் துடிக்குது. எங்க ஓட்டை இருக்குன்னு தேடுது பாரு. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குக் கண்டுபிடிச்சுடும்.”

“முடியாது. நீ பூட்டைப் பாரு.”

“பூட்டு நல்லாத்தான் இருக்கு. இதுதான் நல்லா இல்லை.” அவன் குரல் இறங்கியது. “அக்கா, இதுவும் கஷ்டப்படுது, நாமளும் கஷ்டப்படறோம். எதுக்கு?”

தம்பி சொன்னதில் ஒன்று சரி: அது எதையோ தேடுகிறது. குனிந்து பார்த்தாள். தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது.

“அம்மா, தண்ணி ஊத்தலையா?”

“காலையில நிறைய ஊத்தினேனே.”

மேல்மூடியைத் துளி திறந்து இடுக்கியின் நுனியால் மண்ணைக் குத்தினாள். கறுப்பாக நிரப்பிய மண் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தது. பையிலிருந்து வேலைக்குக் கொண்டுபோகும் ஈரப்பதமானியை எடுத்து உள்ளே இறக்கினாள். கூடத்தில் இருந்த ஈரத்துக்குமேல் உள்ளே துளிகூட இல்லை.

மூடியைச் சாத்திவிட்டு அப்படியே நின்றாள். கணக்கு சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும். அந்த விசிறி அந்தப் பெட்டியின் காற்றை எத்தனை முறை மாற்றும் என்று அவள் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு சமையலறைக்கு அந்த வேகத்தில் காற்றை மாற்றினால் பாத்திரம் பறக்கும். அவள் தொழிலில் ஈரம் எதிரி, காற்று மருந்து. இந்தப் பிராணிக்கோ உடம்போரமாகச் சின்னச் சின்ன மூச்சுத் துளைகள், இறுக்கி மூடிக்கொள்ளத் தெரியாதவை. காற்று வீச வீச அது உள்ளிருந்து காயும். பெட்டியை விட்டு ஓட அது துடிக்கவில்லை. காற்று அடிக்காத ஒரு மூலையைத் தேடியது. அப்படி ஒரு மூலையை அவள் வைக்கவே இல்லை.

“என்னக்கா?”

“ஃபேனை நிறுத்தணும்.”

“நிறுத்து.”

விசிறியின் ஒயர் சுவரோரம் ஒரு சுவிட்சில் போய் முடிந்தது. ஆக்சிஜன் மெஷினைச் செருகியிருந்த அதே சுவிட்ச். வேறு எங்கும் செருகத் தோன்றாமல் அவள் அங்கேயே செருகியிருந்தாள். அன்றைக்கு அப்பாவுக்குக் காற்று தேவையில்லாமல் போன பிறகும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் போய்விட்டார், அக்கம்பக்கம் வந்து நிறைந்துவிட்டது, அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் கிட்டே போகவில்லை. கடைசியில் அவள்தான் போனாள். இன்று அந்த இடத்தில் விரல் வைத்தாள். விரல் அழுத்தவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“நிறுத்துடி. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சா நிறுத்து. எனக்கும் கேக்க முடியலை.”

அழுத்தினாள். வீடு சட்டென்று காலியானது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தது கேட்டது. தம்பி எதையோ பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விசிறியைக் கழற்றினாள். மண்ணில் ஒரு பக்கம் நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுபக்கம் லேசாகத் தெளித்தாள். இன்னும் மேல்வரிசைத் துளைகள் அதிகம். பாதியையாவது அடைக்க வேண்டும். அக்ரிலிக் பட்டை வெட்டலாம், ஆனால் கடை திங்கள்தான் திறக்கும். கண் தானாக வாளிக்குப் போனது. பாதி தீர்ந்த டேப் சுருளை எடுத்து, நீளமாக இழுத்து, வெளிப்பக்கமாகத் துளைகள்மேல் படிய வைத்தாள். கட்டைவிரல் நகத்தால் விளிம்பை நீவினாள். ஒரு சுருக்கம் விழுந்தது. பிரித்து மறுபடி ஒட்டினாள். இந்தத் தடவை விழவில்லை.

“அப்பா மாதிரியே ஒட்டற,” என்றான் தம்பி.

“வாயை மூடு.”

“சும்மாதான் சொன்னேன்.”

“உள்ள எஃகு வலை இருக்கு. டேப் உரிஞ்சாலும் வராது. நீ சோதிக்கறேன்னியே, சோதி.”

தம்பி சோதித்தான். மின்சார பில்லைக் கிழித்து மூடியின் இடுக்கில் நாலு பக்கமும் செருகப் பார்த்தான். ஒரு இடத்திலும் நுழையவில்லை. கொக்கியைப் பிடித்து இழுத்தான். பூட்டை ஆட்டினான். பெட்டியைத் தூக்கிச் சாய்க்கப் போனவனை அம்மா கையில் ஒரு போடு போட்டாள்.

“உள்ள ஆள் இருக்குடா!”

எல்லாம் முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. உள்ளே ஓட்டம் குறைந்திருந்தது. பூரான் ஈரப் பக்கம் போய்க் கிண்ணத்தின் விளிம்பில் வாயை வைத்து வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு பட்டைக்கடியில் தலையைக் கொடுத்தது. கால்கள் ஒரு ஜோடி, ஒரு ஜோடியாக உள்ளே போவதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

“சாவி யார்கிட்ட?” என்றான் தம்பி.

“அம்மாகிட்ட.”

“பெட்டியை அலமாரி உச்சியில வைக்கணும். பாப்பா நடக்க ஆரம்பிச்சா அப்புறம் மறுபடியும் பேசுவோம்.”

“பேசுவோம்.”

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். “ஆனா அந்த நிறம் நல்ல நிறம்தான்,” என்று போகிற போக்கில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை வந்து வீட்டைத் தலைகீழாக்கியது. முதல் காரியமாகக் கட்டிலோரம் காலியாக இருந்த அந்தச் சதுரத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டியால் தரையை அடித்தது. அம்மா அலமாரியைப் பார்த்து, “மாப்பிள்ளை, சத்தத்துக்குக் கோச்சுக்காதீங்க, உங்க வீட்டுப் பிள்ளைதான்,” என்றாள். தம்பி மனைவி விழித்தாள்.

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாய்ந்துகூடக் கொண்டாள். பிறகு எழுந்துபோய், கால்விரல் நுனியில் நின்று, டேப்பின் விளிம்பை நகத்தால் இன்னொரு முறை நீவிவிட்டு வந்தாள்.